ஒரே நெட்வொர்க்ல எக்ஸ்பி, விண்டோஸ் 11, மேக், உபுண்டு எல்லாம் கலந்து கிடக்கு, இது பாதுகாப்பா ஆபத்தா?

சிவகாசி_ஆஃப்செட் எழுதியது:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான போஸ்ட், பொறுத்துக்கங்க.

எங்களுது சின்ன ஆஃப்செட் பிரஸ், சிவகாசில. சித்தப்பா ஓனர், நான் டிசைன் செக்ஷன் பாக்குறேன், கூடவே "கம்ப்யூட்டர்னா அவன்கிட்ட கேளு" வேலையும் என் தலைலதான். படிச்சது பிகாம், நெட்வொர்க்கிங் எல்லாம் யூடியூப் புண்ணியம்.

மொத்தம் பன்னெண்டு சிஸ்டம். டிசைனுக்கு ரெண்டு ஐமேக், ஒரு மேக் மினி. பில்லிங், டாலி, வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்குறதுன்னு விண்டோஸ் 10 அஞ்சு. பிளேட் போடுற சிடிபி மெஷினோட ரிப் சாஃப்ட்வேர் (பக்கத்தை பிளேட்டுக்கான புள்ளியா மாத்துறது) விண்டோஸ் 7லதான் ஓடும், மெஷின் எறக்கும்போது என்ன போட்டுக் குடுத்தாங்களோ அதே நிலைமைல அப்படியே இருக்கு. அப்புறம் எங்க குலதெய்வம், விண்டோஸ் எக்ஸ்பி. அதுல பேஜ்மேக்கர் 7, டாங்கிள் (லைசென்ஸுக்குச் சொருகுற யூஎஸ்பி சாவி) போட்ட பழைய தமிழ் ஃபான்ட் சாஃப்ட்வேர். இருபது வருஷத்து கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், டெய்லி காலண்டர் மேட்டர் எல்லாம் அதுக்குள்ள, யூனிகோட் கிடையாது, வேற சிஸ்டத்துல திறந்தா இங்கிலீஷ் எழுத்தா கந்தர்கோலமா தெரியும். இதெல்லாம் போக ஒரு பழைய டெஸ்க்டாப்ல உபுண்டு 18.04 லினக்ஸ் போட்டு, சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ், மேக்குக்கு ஷேர் பண்ற சாஃப்ட்வேர்) வச்சு சர்வர் ஆக்கியிருக்கோம், "ஜாப்"னு ஒரே ஷேர், பாஸ்வேர்டு கிடையாது, யார் வேணா எழுதலாம் யார் வேணா அழிக்கலாம். எல்லாமே ஒரே சுவிட்ச், ஒரே ரவுட்டர். பார்ட்டி வந்து உக்காந்தா வைஃபை பாஸ்வேர்டும் அதேதான் குடுக்குறோம்.

பிரச்சனை எங்க ஆரம்பிச்சதுன்னா போன வாரம் பன்னெண்டாவதா ஒரு விண்டோஸ் 11 ப்ரோ பிசி வாங்கினோம். அதுல ஜாப் ஷேர் திறக்கவே மாட்டேங்குது, உங்க ஆர்கனைசேஷன் பாலிசி கெஸ்ட் ஆக்சஸை பிளாக் பண்ணுதுன்னு சொல்லுது. எங்க ஆர்கனைசேஷன்ல சித்தப்பாவைத் தவிர பாலிசி போடுற ஆளே இல்ல, அவருக்கு ரைட் க்ளிக்கே தெரியாது. சர்வீஸ்காரர் வந்து "ரெஜிஸ்ட்ரில ஒரு எண்ட்ரி போட்டா ரெண்டு நிமிஷத்துல திறந்துரும்"னாரு. இப்படி திறந்து வச்சா வைரஸ் வராதான்னு கேட்டேன், அதுக்கு "சர்வர் லினக்ஸு, டிசைன் மேக்கு, வைரஸ் வந்தாலும் பாதியோட நின்னுரும், கலந்து வச்சிருக்குறதே ஒரு பாதுகாப்புதான்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

இது நெசமா? அந்த ரெஜிஸ்ட்ரி வேலையை பண்ணலாமா? இல்ல சித்தப்பா ஃப்ரெண்டு சொல்ற மாதிரி எல்லாத்தையும் தூக்கிட்டு விண்டோஸ் 11 ஒண்ணே போட்ரலாமா? ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளிய வரணும், அதுக்குள்ள எதையாவது உடைச்சுட்டேன்னா என்னையும் சேத்து பைண்டிங் பண்ணிருவாங்க.

பெங்குவின்_பாண்டி:

சர்வீஸ்காரர் சொன்னதை அப்படியே தள்ளிராதீங்க, அதுல விஷயம் இருக்கு.

ஊர் முழுக்க ஒரே ரக நெல்லு போட்டா புகையான் ஒரு வயல்ல எறங்குனாலே போதும், மொத்த ஊரும் காலி. கம்ப்யூட்டர்லயும் இதேதான். 1988 நவம்பர் 2ல மோரிஸ் வார்ம்னு தானாவே பரவுற ப்ரோக்ராம் வந்தப்ப விழுந்தது பிஎஸ்டி யுனிக்ஸ் ஓடுன வாக்ஸ் மெஷினும் சன் மெஷினும்தான், வேற சிஸ்டம் வச்சிருந்தவன் வேடிக்கை பாத்தான். 2003ல டான் கீர்னு ஒருத்தர் இன்னும் ஆறு பேரோட சேந்து, உலகமே மைக்ரோசாஃப்ட் ஒண்ணையே நம்பி இருக்குறது ஆபத்துன்னு ரிப்போர்ட் எழுதினாரு, ரிப்போர்ட் வந்த கையோட அவரு வேலை போச்சு, ஏன்னா அவர் இருந்த கம்பெனிக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு க்ளையன்ட். இது சொந்தக் கதை மாதிரி இல்ல? யாரோ ஒருத்தன் உண்மையைச் சொன்னா மொதல்ல அவன் சீட்டுதான் கிழியும்.

அவ்ளோ தூரம் எதுக்கு, 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக்குன்னு ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேரோட அப்டேட் ஒண்ணு சொதப்பி 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரைல போய் நின்னுச்சு, நம்ம நாட்டு ஏர்போர்ட்ல கையால போர்டிங் பாஸ் எழுதிக் குடுத்தாங்க. மேக்குக்கும் லினக்ஸுக்கும் அன்னிக்கு ஒண்ணும் ஆகல. அது வைரஸ் கூட இல்ல, காவலுக்கு வச்ச ஆளே வாசல்ல மயங்கி விழுந்த கதை.

அதனால எல்லாத்தையும் விண்டோஸ் 11 ஆக்குற ஐடியாவுக்கு நான் ஓட்டு போட மாட்டேன். உங்க சர்வர் லினக்ஸ்ல இருக்குறது நல்லதுதான்.

அரைகுறை_அட்மின்:

பாண்டி அண்ணே, நெல்லு உதாரணம் சூப்பர், ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. வயல் வேற வேற ரகமா இருக்கலாம், வாய்க்கா ஒண்ணுதானே? அவர் பிரஸ்ல எல்லா சிஸ்டமும் ஒரே எஸ்எம்பி ஷேர்லதான் (எஸ்எம்பின்னா நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற முறை, சாம்பா பேசுறதும் அதுதான்) தண்ணி குடிக்குது. வாய்க்கால்ல மருந்து கலந்தா பொன்னின்னும் பார்க்காது கிச்சடிச் சம்பான்னும் பார்க்காது.

சிவகாசி தம்பி, நீங்க முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது இதுதான். விண்டோஸ் பிசில ஒரு ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிட்டு காசு கேக்குற வைரஸ், ஓடுதுன்னு வைங்க, அது லினக்ஸை "தாக்க" வேண்டிய அவசியமே இல்ல. அந்த பிசிக்கு ஜாப் ஷேர்ல எழுதுற உரிமை ஏற்கனவே இருக்கு, அது பாட்டுக்கு ஒவ்வொரு ஃபைலா திறந்து, பூட்டி, திரும்ப சேவ் பண்ணும். உபுண்டுவுக்கு அது சாதாரண சேவ், உங்க டிசைனர் சேவ் பண்ற மாதிரியேதான். சர்வர் கடைசி வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், உள்ள இருக்குற ஃபைல் மட்டும் ஒண்ணும் மிஞ்சாது. லினக்ஸ்ல வைரஸ் வராதுன்னு சொல்றவங்க இந்த எடத்துலதான் கோட்டை விடுறாங்க.

அடுத்தது, லினக்ஸுக்கே வராதுன்றதும் சரி கிடையாது. 2017 மே 12ல வான்னாக்ரைன்னு ஒரு ரான்சம்வேர் விண்டோஸை போட்டுத் தாக்குச்சு, ஓட்டையை அடைக்குற பேட்ச் மார்ச் 14லயே வந்திருந்தும் போடாதவன் எல்லாம் மாட்டினான். (எக்ஸ்பிதான் மொத்தமா போச்சுன்னு நிறைய பேரு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, உண்மையில விழுந்ததுல பெரும்பங்கு விண்டோஸ் 7. உங்க ரிப் பொட்டில அந்த பேட்ச் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க.) சரியா 12 நாள் கழிச்சு, மே 24ல, சாம்பாலயே ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, 2010ல வந்த 3.5 வெர்ஷன்ல இருந்து எல்லாத்துலயும் இருந்த ஓட்டை, எழுத உரிமை உள்ள ஒரு ஷேர் கிடைச்சா போதும், சர்வர்லயே ப்ரோக்ராம் ஓட்டலாம். பாஸ்வேர்டு இல்லாம எழுத விடுற ஷேர்... உங்களுது அதேதான்.

இன்னொண்ணு இதைவிட ருசியானது. சாம்பால மேக் பொட்டிகளுக்காகவே ஒரு மாட்யூல் உண்டு, பேரு ஃப்ரூட், ஆப்பிள்ங்கிறதால அந்தப் பேரு. மேக்கும் சாம்பாவும் சண்டை போடாம ஒத்துப்போகத்தான் அதை எழுதினாங்க. 2022 ஜனவரி கடைசில அந்த மாட்யூல்லயே ஓட்டை வந்துச்சு, பத்துக்கு 9.9 மார்க், ரூட் உரிமையோட, அதாவது சர்வரோட முழு அட்மினாவே, உள்ள வரலாம். விண்டோஸ் மட்டும் இருந்திருந்தா அந்த மாட்யூலே தேவைப்பட்டிருக்காது. ரெண்டு துணியையும் சேத்துத் தச்ச எடத்துல கிழிஞ்சிருக்கு. பேட்ச் உடனே வந்துருச்சு, ஆனா உங்க உபுண்டு 18.04க்கு சாதா சப்போர்ட் 2023 மே மாசத்தோட முடிஞ்சது, அது கடைசியா எப்ப அப்டேட் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?

நீங்க வச்சிருக்குற ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் காலாவதி தேதி வேற வேற. எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10 2025 அக்டோபர் 14, ஆப்பிள்காரன் தேதியே போர்டுல எழுத மாட்டான், சாதாரணமா கடைசி மூணு வெர்ஷனுக்குத்தான் பேட்ச் வரும்னு நாமளா புரிஞ்சுக்கணும். பெரிய கம்பெனில ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் இருப்பான். உங்ககிட்ட இருக்குறது நீங்க ஒருத்தர், அதுவும் டிசைன் முடிச்சு நேரம் இருந்தா.

ரெஜிஸ்ட்ரி மேட்டர்: பண்ணாதீங்க. விண்டோஸ் 11 ப்ரோல 24எச்2ங்கிற வெர்ஷன்ல இருந்து கெஸ்ட்டா உள்ள போறதையே மூடிட்டாங்க, எஸ்எம்பி சைனிங்கும் கட்டாயம் ஆயிருச்சு. அதாவது போற வர்ற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முத்திரை குத்துறது, நடுவுல எவனும் மாத்தலன்னு தெரிய. அந்த முத்திரை உருவாகுறதே யூசரோட பாஸ்வேர்டை வச்சு. கெஸ்ட்டுக்கு பாஸ்வேர்டே இல்ல, முத்திரை எங்கேர்ந்து வரும்? அதனாலதான் கதவைச் சாத்துது. உங்க சர்வீஸ்காரர் ரெண்டு நிமிஷத்துல பண்றது, பன்னெண்டு பேர்ல பூட்டு வச்சிருக்குற ஒரே ஆளோட பூட்டையும் கழட்டிவிடுற வேலை.

சிவகாசி_ஆஃப்செட்:

அண்ணே பயமுறுத்திட்டீங்க. இப்பதான் போய்ப் பாத்தேன், உபுண்டு கடைசியா அப்டேட் ஆனது 2021ல. ரிப் பொட்டில விண்டோஸ் அப்டேட்டே ஆஃப் பண்ணி வச்சிருக்கு, மெஷின்காரங்க இன்ஸ்டால் பண்ணும்போதே "இதைத் தொட்டா வாரன்டி போயிரும்"னு சொன்னதா சித்தப்பா சொல்றாரு. மேக்ல எல்லாம் பாஸ்வேர்டு இருக்கு ஆனா பன்னெண்டு சிஸ்டத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு, பிரஸ் பேரும் ஆரம்பிச்ச வருஷமும்.

பேனர்_மணி:

அந்த பாஸ்வேர்டை மொதல்ல மாத்துங்க தம்பி, உங்க கேலண்டர் ஒவ்வொண்ணுலயும் பிரஸ் பேரும் வருஷமும் அச்சடிச்சுத்தானே வருது 😀

என் அனுபவம் சொல்றேன். நான் முன்னாடி வேலை பாத்த ஃப்ளெக்ஸ் கடை, பேரு வேண்டாம். அங்கயும் இதே செட்டப்தான், ரெண்டு மேக், நாலஞ்சு விண்டோஸ், நடுவுல ஒரு நாஸ் பொட்டி (எல்லாரும் ஃபைல் போடுற நெட்வொர்க் ஹார்டுடிஸ்க்), உள்ள ஓடுறது லினக்ஸ். ஒரு நாள் சாயங்காலம், எலக்‌ஷன் டைம் வேற, பில்லிங் பொண்ணு மெயில்ல வந்த ஜிஎஸ்டி நோட்டீஸ்னு ஒரு ஜிப்பைத் திறந்துச்சு. ஒண்ணும் திறக்கலன்னு மூடிட்டு வீட்டுக்குப் போயிருச்சு, பாவம் அதைச் சொல்லிக் குத்தமில்ல, நானா இருந்தாலும் திறந்திருப்பேன், ஜிஎஸ்டின்னு பாத்தா யாருக்குத்தான் கை நடுங்காது. நைட் ஷிஃப்ட்ல நான்தான் இருந்தேன், நாஸ் லைட்டு நிக்காம மின்னிக்கிட்டே இருந்துச்சு, பேக்கப் ஓடுது போலன்னு நெனச்சு டீ குடிக்கப் போயிட்டேன். அந்த டீதான் என் வாழ்க்கைலயே காஸ்ட்லியான டீ. திரும்பி வந்து மேக்ல ஃபோல்டரைத் திறந்தா எல்லா ஃபைலுக்கும் பின்னாடி புதுசா ஏதோ வாலு முளைச்சிருக்கு.

மேக்குக்கு ஒண்ணும் ஆகல. நாஸுக்கு ஒண்ணும் ஆகல. வேலைதான் மொத்தமும் போச்சு. பேக்கப் இருக்கேன்னு ஓடினா, பேக்கப்புன்னு அவங்க வச்சிருந்தது அதே நாஸ்ல இன்னொரு ஷேர், அதுவும் பில்லிங் பிசில டிரைவா மாட்டி இருந்துச்சு, ரெண்டும் ஒரே நேரத்துல காலி. காசு கட்டல. கஸ்டமருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின ப்ரூஃப் படத்தை எல்லாம் திரும்ப வாங்கி அதைப் பாத்துப் பாத்து டிசைன் பண்ணோம், பதினஞ்சு நாள். மேக் பையன் ஒருத்தன் சோம்பேறி, சர்வர்ல போடாம டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே வச்சு வேலை பாக்குறவன், அவனைத் திட்டாத நாளே கிடையாது, கடைசில அவன் சிஸ்டத்துல இருந்துதான் பாதி ஃபைல் கிடைச்சது.

பெங்குவின்_பாண்டி:

மணி அண்ணன் கதையைப் படிச்சப்புறம் என் வாயை நானே மூடிக்கிறேன். ஆனா ஒண்ணு, கலப்பே தப்புன்னு நான் இன்னும் ஒத்துக்க மாட்டேன். அதே கடைல எல்லாம் விண்டோஸா இருந்திருந்தா அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் போயிருக்க வாய்ப்பு அதிகம். கலப்பு பலன் குடுக்கணும்னா நடுவுல வரப்பு இருக்கணும், அதுக்கு நான் சம்மதிக்கிறேன்.

அப்புறம் மேக், லினக்ஸ் ஆளுங்களுக்கு ஒரு விஷயம், என்னையும் சேத்துத்தான் சொல்றேன். கொசுவுக்கு மலேரியா காய்ச்சல் அடிக்காது, ஆனா வீடு வீடா கொண்டு போய் விடும். பார்ட்டி பென்டிரைவை மேக்ல சொருகி, அதுல இருக்குற விண்டோஸ் வைரஸ் மேக்கை ஒண்ணும் பண்ணலன்னு அப்படியே ஜாப் ஃபோல்டர்ல காப்பி போட்டா, நாம கொசு வேலைதான் பாக்குறோம். ஷார்ட்கட் வைரஸ் ஊர் ஊரா பரவுனது பிரஸ்ஸும் ஜெராக்ஸ் கடையும் புண்ணியத்துலதான்னு சொன்னா யாரும் கோச்சுக்காதீங்க.

கேபிள்ராஜா:

எல்லாரும் சரியாத்தான் பேசுறீங்க, ஆடிப்பெருக்குக்கு முன்னாடி தம்பி என்ன பண்ணணும்னு யாரும் சொல்லலயே. நான் கோயம்புத்தூர்ல சின்னச் சின்ன ஆஃபீஸ், மில்லுன்னு நெட்வொர்க் போட்டுக் குடுக்குறவன், என் வழியைச் சொல்றேன், பிடிச்சா எடுத்துக்கங்க.

முதல்ல ஒரு கணக்கு பாருங்க. எஸ்எம்பியோட பழைய ஒண்ணாம் வெர்ஷன், வான்னாக்ரை வந்த வழி, அது இல்லாம பேச முடியாத ஆளு உங்ககிட்ட எத்தனை பேரு? விண்டோஸ் 7க்கு ரெண்டாம் வெர்ஷன் தெரியும், மேக்குக்கு மூணு வரைக்கும் தெரியும், 10, 11க்கு சொல்லவே வேண்டாம். எக்ஸ்பி ஒருத்தர்தான். அவர் ஒருத்தருக்காக பதினோரு பேர் வீட்டுக் கதவைத் திறந்து வச்சிருக்கீங்க. இப்ப நீங்க சர்வரை புது உபுண்டுவுக்கு மாத்தினீங்கன்னா சாம்பா 4.11ல இருந்து ஒண்ணாம் வெர்ஷன் தானாவே மூடித்தான் வரும், எக்ஸ்பி ஷேரைப் பாக்காது, உடனே யாராவது வந்து கான்ஃபிக் ஃபைல்ல மினிமம் புரோட்டோகால் என்டி1னு (அதாவது ஒண்ணாம் வெர்ஷனையும் உள்ள விடுன்னு) ஒரு வரி சேக்கச் சொல்லுவாங்க. சேக்காதீங்க. எக்ஸ்பியை நெட்வொர்க்ல இருந்து கழட்டுங்க.

கழட்டிட்டு பேஜ்மேக்கருக்கு என்ன வழி? விண்டோஸ் 11 ஏறாத பழைய பிசி கண்டிப்பா ஒண்ணு இருக்கும், அதுல லினக்ஸ் மின்ட் போட்டு, விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற சாஃப்ட்வேர்) உள்ள எக்ஸ்பியைப் புதுசா ஏத்துங்க, பழைய டிஸ்கை அப்படியே இமேஜ் எடுத்துப் போட்டா நீலத்திரை வர வாய்ப்பு அதிகம். நெட்வொர்க் அடாப்டரை டிக் எடுத்துருங்க, இன்டர்நெட்டும் வேண்டாம் ஆஃபீஸ் நெட்வொர்க்கும் வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் ஷேர்டு ஃபோல்டருக்கு நெட்வொர்க் தேவையில்ல, அது வழியா பிடிஎஃப் வெளிய வந்தா போதும். பழைய எக்ஸ்பி பொட்டியைத் தூக்கிப் போடாதீங்க, வயரை மட்டும் புடுங்கி ஓரமா வைங்க, புதுசு சரியா ஓடுற வரைக்கும்.

ரிப் பொட்டியைத் தொட மாட்டேன்னு சித்தப்பா சொன்னா தொட வேண்டாம், நியாயம்தான், சீசன்ல பிளேட் நின்னா பிரஸ்ஸே நிக்கும். அதுக்குப் பதிலா அதைத் தனி அறைல உக்கார வைங்க. மேனேஜ்டு சுவிட்ச் ஒண்ணு சில ஆயிரத்துக்கே கிடைக்குது, விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்குறது) போட்டு ரிப்பை தனியா பிரிச்சு, அது சர்வரோட 445 போர்ட்டை, அதாவது எஸ்எம்பி வாசலைத் தவிர வேற எதையும் பாக்கக் கூடாதுன்னு ரவுட்டர்ல ரூல் எழுதுங்க, இன்டர்நெட்டும் கட். விஎல்ஏஎன் பிரிக்கிறதோட விட்டுட்டு ரூல் எழுத மறக்குறவங்க நிறைய பேரு, நடுவுல ரவுட்டர் எல்லாத்தையும் எல்லாருக்கும் கடத்திக்கிட்டே இருக்கும், சுவரு கட்டி கதவைத் திறந்து வச்ச மாதிரி. உங்க இன்டர்நெட் கம்பெனி குடுத்த ரவுட்டர்ல இதெல்லாம் வராது, மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டர் சின்ன மாடல் ஒண்ணு வாங்கிக்கங்க. பார்ட்டிக்கு கெஸ்ட் வைஃபை தனி, அதுல இன்டர்நெட் மட்டும்.

ஷேர் ஒண்ணா இருக்கக் கூடாது. டிசைன் ஆளுங்க எழுதுற ஃபோல்டர், பிளேட்டுக்குப் போற ஃபோல்டர், கணக்குன்னு பிரிங்க, ஆளுக்கு ஒரு சாம்பா யூசர். ரிப்புக்கு பிளேட் ஃபோல்டரைப் படிக்க மட்டும் உரிமை. பில்லிங் பிசிக்கு டிசைன் ஃபோல்டர் கண்ணுலயே படக் கூடாது. இதைச் செஞ்சா மணி சொன்ன கதைல பில்லிங் பிசியோட நின்னிருக்கும். உங்க விண்டோஸ் 11 பிரச்சனையும் இதுலயே தீந்துரும், யூசர் பாஸ்வேர்டு வந்துட்டா சைனிங் தன்னால வேலை செய்யும், ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டாம். ஒண்ணு கவனிங்க, உபுண்டுவோட சாம்பா கான்ஃபிக்ல தெரியாத யூசர் வந்தா கெஸ்ட்டா உள்ள விடுன்னு ஒரு வரி ஆரம்பத்துல இருந்தே இருக்கும், கெஸ்ட் அனுமதி குடுத்த ஷேர் ஒண்ணு மிச்சம் இருந்தாலும் வாயில வந்த பேரை அடிச்சே உள்ள வந்துரலாம், அதனால ஷேர் ஒவ்வொண்ணுலயும் கெஸ்ட்டை மூடிட்டு அந்த வரியையும் நெவர்னு மாத்துங்க.

சர்வர் டிஸ்கை இசட்எஃப்எஸ் இல்ல பிடிஆர்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டத்துல வச்சு மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலைமையை அப்படியே பதிஞ்சு வைக்குறது. விண்டோஸ்காரன் ஃபைலைப் பூட்டினாலும் ஸ்னாப்ஷாட்டை அவனால தொட முடியாது, அது சர்வர் ரூட் கைல இருக்கு. ஆனா சர்வருக்குள்ளயே ஆள் வந்துட்டா ஸ்னாப்ஷாட்டும் போகும், அதுக்குத்தான் வெளி ஹார்டுடிஸ்க் ரெண்டு, வாரம் மாத்தி மாத்தி, ஒண்ணு எப்பவும் சித்தப்பா வீட்டு பீரோல.

அரைகுறை_அட்மின்:

ராஜா அண்ணன் சொன்னதோட ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், பாஸ்வேர்டு. 2017 ஜூன் 27ல நாட்பெட்யான்னு ஒரு வைரஸ் வந்தப்ப பேட்ச் போட்டு சுத்தமா வச்சிருந்த மெஷினும் விழுந்துச்சு, ஏன்னா பேட்ச் போடாத ஒரு மெஷின் மெமரில இருந்து அட்மின் பாஸ்வேர்டை எடுத்து அடுத்த மெஷினுக்கு ராஜாவா உள்ள போச்சு. மெர்ஸ்க் கப்பல் கம்பெனில டொமைன் கன்ட்ரோலர் (எல்லாரோட லாகின் கணக்கும் இருக்குற சர்வர்) அத்தனையும் போய், கானா ஆஃபீஸ்ல கரண்ட் கட்ல அணைஞ்சு கிடந்த ஒண்ணு மட்டும்தான் தப்பிச்சது. நம்ம ஊரு கரண்ட் கட்டை இனிமே யாரும் திட்டாதீங்க. பூட்டு அஞ்சு கம்பெனிது வாங்கி வச்சுட்டு எல்லாத்துக்கும் ஒரே சாவின்னா எத்தனை ஓஎஸ் கலந்தும் பிரயோஜனம் இல்ல.

யாழ்_அச்சகம்:

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட அச்சகத்திலயும் இதே பிரச்சினைதான் இருந்தது, பழைய ஃபைல் எல்லாம் பாமினி எழுத்துருவில. நீங்கள் எக்ஸ்பியை விர்ச்சுவல் மெஷின்ல போடுறது நல்லம், ஆனால் இன்னும் பத்து வருசத்துக்கு அதை இழுத்துக்கொண்டு போகவேண்டி வரும். நாங்கள் செய்தது என்னெண்டால், பழைய ஓடர் திரும்ப வரேக்க அந்த ஃபைலை மட்டும் எடுத்து, எழுத்தை கொன்வேர்ட்டர்ல போட்டு யூனிகோட்டுக்கு மாத்தி, இன்டிசைன்ல புதுசா லேஅவுட் செய்தனாங்கள். எல்லாத்தையும் ஒரேயடியா மாத்த வெளிக்கிட்டால் விசர் பிடிச்சிடும். ப்ரூஃப் மட்டும் வடிவாப் பாருங்கோ, கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி நிக்கும். ஒரு முறை மணமகன்ர பேரில ஒரு எழுத்து மாறிப்போய் முழு அழைப்பிதழையும் திரும்ப அடிச்சுக் குடுத்தனாங்கள்.

சிவகாசி_ஆஃப்செட்:

மூணு வாரம் கழிச்சு அப்டேட்.

சித்தப்பா மொதல்ல ஒத்துக்கல, "இத்தன வருஷம் வராத வைரஸ் இப்ப என்ன வரப்போகுது"ன்னாரு. மணி அண்ணன் போஸ்ட்டை அப்படியே படிச்சுக் காட்டினேன். எலக்‌ஷன் டைம்ல பதினஞ்சு நாள்னு கேட்டதும் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு எவ்ளோ ஆகும்னு கேட்டாரு. சுவிட்ச், மைக்ரோடிக், ரெண்டு ஹார்டுடிஸ்க் வாங்கியாச்சு. சர்வர்ல உபுண்டு 24.04, ஷேர் மூணா பிரிச்சாச்சு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. விண்டோஸ் 11 பிசி யூசர் பேரு குடுத்ததும் சத்தமில்லாம திறந்துருச்சு, ரெஜிஸ்ட்ரி பக்கமே போகல. ரிப் தனி விஎல்ஏஎன்ல இருக்கு, முதல் நாள் பிளேட் போகல, ரூல்ல சர்வர் ஐபி ஒரு நம்பர் தப்பா போட்டிருந்தேன், அரை மணி நேரம் மெஷின் ஆப்பரேட்டர் என்னைப் பாத்த பார்வை இருக்கே. பில்லிங் அண்ணன் மட்டும் டிசைன் ஃபோல்டர் ஏன் தெரியலன்னு இன்னும் கோவமா இருக்காரு, தன்னை நம்பலன்னு நினைச்சுக்கிட்டாரு, அவருக்கு டீ வாங்கிக் குடுத்து விளக்கணும்.

விண்டோஸ் 10 அஞ்சுல மூணுக்கு 11 ஏறிடுச்சு, ஒண்ணு மின்ட் ஆயிருச்சு, ஒண்ணுதான் பாக்கி.

இப்ப ரெண்டு சந்தேகம். விர்ச்சுவல்பாக்ஸ்ல எக்ஸ்பி, பேஜ்மேக்கர் எல்லாம் ஜம்முன்னு ஓடுது, ஆனா யூஎஸ்பி டாங்கிள் தெரியவே மாட்டேங்குது, லிஸ்ட்டே காலியா வருது. அப்புறம் மேக்ல இருந்து சேவ் பண்ற ஒவ்வொரு ஃபோல்டர்லயும் புள்ளியும் கீழ்க்கோடும் போட்டு ஆரம்பிக்குற குட்டி ஃபைல் வந்து உக்காருது, ரிப் ஆப்பரேட்டர் அதைத் திறந்து பாத்துட்டு வைரஸ்னு கத்துறாரு. இது வைரஸா?

கேபிள்ராஜா:

லிஸ்ட் காலின்னா உங்க மின்ட் யூசர் விபாக்ஸ்யூசர்ஸ்ங்கிற குரூப்ல இல்லன்னு அர்த்தம், சேத்துட்டு லாக்அவுட் பண்ணி திரும்ப உள்ள வாங்க, முடிஞ்சா ரீஸ்டார்ட்டே பண்ணிருங்க. அப்புறம் யூஎஸ்பி கன்ட்ரோலர் 3.0ல வச்சிருந்தா மாத்துங்க, எக்ஸ்பிக்கு அதுக்கு டிரைவர் கிடையாது, டாங்கிளுக்கு 1.1 போதும். டாங்கிளை ஃபில்டர்ல சேத்துட்டா ஒவ்வொரு தடவையும் கிளிக் பண்ண வேண்டாம்.

குட்டி ஃபைல் வைரஸ் இல்ல, மேக் தன்னோட குறிப்பை எழுதி வைக்குற துண்டுச் சீட்டு. சாம்பால வீட்டோ ஃபைல்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதை அவசரப்பட்டுப் போடாதீங்க, பழைய மேக் ஃபான்ட் சிலதுல ஃபான்ட்டே அந்தத் துண்டுச் சீட்டுலதான் இருக்கும். ரிப் படிக்குற ஃபோல்டர்ல மட்டும் போடுங்க, அங்க போறது பிடிஎஃப்தானே.

சிவகாசி_ஆஃப்செட்:

குரூப்தான் அண்ணே! டாங்கிள் வந்துருச்சு, 2006 காலண்டர் மேட்டர் திறந்து பாத்தேன், கௌரி பஞ்சாங்கம் கட்டம் எல்லாம் அப்படியே இருக்கு. பழைய எக்ஸ்பி பொட்டி வயரைப் புடுங்கி ஓரமா வச்சுட்டேன், சித்தப்பா வெள்ளிக்கிழமை அதுக்கும் சேத்து சாம்பிராணி காட்டுறாரு.